4 ஜிபி 8 ஆன கதை
என் பழைய மேசைக் கணினியில் பிரவுசரில் பத்துப் பக்கங்களைத் திறந்தாலே ஹார்டு டிஸ்க் விளக்கு ஓயாமல் மின்னும். ராம் என்னும் தற்காலிக நினைவகம் போதாதபோது விண்டோஸ் தரவுகளை டிஸ்குக்கு மாற்றி மாற்றி எழுதுவதே அதற்குக் காரணம். இருந்த 4 ஜிபி டிடிஆர்3 வகை ராமுக்குத் துணையாக அதே வேகமுள்ள இன்னொன்றை வாங்கச் சென்றேன். கடைக்காரர் முதலில் நீட்டியது அடுத்த தலைமுறையான டிடிஆர்4. அதில் 240 பின்களுக்கு (தொடர்பு முனைகளுக்கு) பதில் 288 பின்கள், அடிப்பக்க வெட்டும் இடம் மாறியிருப்பதால் எவ்வளவு அழுத்தினாலும் பொருந்தாது.

வீட்டில் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் உலோகத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிய பின், இரண்டு ராம்களும் ஒரே நேரத்தில் இயங்கும் இரட்டைச் சேனல் கிடைக்கும்படி, புதிய டிடிஆர்3-ஐ முதலாவது இருந்த அதே நிற ஸ்லாட்டில் செருகினேன். ஓரக் கொக்கிகள் 'டக்'கென்று பூட்டிக்கொள்ள, நான் அஞ்சியதைவிடச் சற்று அதிகமாகவே அழுத்த வேண்டியிருந்தது. ஆனாலும் திரை இருண்டே கிடந்தது. பழைய ராமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை (பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால்தான்) மெல்லத் தேய்த்து மீண்டும் பொருத்தியதும், கணினி தொடங்கும்போது ஓடும் பயாஸ் நிரல் 8192 எம்பி (அதாவது 8 ஜிபி) என்று காட்டியது.