கவுனி விளைய விதை மட்டும் போதுமா?

எங்கள் பக்கம் கல்யாண விருந்தில் கவுனி அரிசி இல்லையென்றால் பந்தியிலேயே பேச்சு வந்துவிடும். முந்தின ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் குழைய வேகவைத்து, சூட்டோடு சர்க்கரை, நெய், தேங்காய்த்துருவல் போட்டுக் கிளறினால் கருப்பு அரிசி கத்தரிப்பூ நிறத்துக்கு வந்து பளபளவென்று நிற்கும். சரி, அதைச் சிவகங்கைச் சீமையில் எத்தனை பேர் பயிரிடுகிறார்கள்?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 1999-ல் உழவர் சந்தை வந்தது, தரகர் இல்லாமல் விவசாயியே நேரே விற்கலாம். 2021-ல் வேளாண்மைக்குத் தனி பட்ஜெட், கூடவே பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடி மீட்ட நெல் ஜெயராமன் பெயரில் அவற்றைக் காக்க ஓர் இயக்கம், மானியத்தில் விதை. நல்லதுதான். ஆனால் கவுனி ஏறக்குறைய ஐந்து மாதப் பயிர், கண்மாய்த் தண்ணீரை நம்பி அவ்வளவு நாள் காத்திருப்பது சூதாட்டம்தான். அப்புறம் அறுத்துக் கொண்டுபோனால் அரசு நெல் வாங்கும் ஆதரவு விலையில் சாதாரண ரகம், சன்ன ரகம் இரண்டுதான், கவுனிக்கென்று தனி விலை கிடையாது, எனவே மறுபடி வியாபாரி வீட்டு வாசல்தான்.

கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை ஓட்டலாக்கி, செட்டிநாட்டுச் சாப்பாடு என்று போர்டு வைக்கிறார்களே, அவர்களையும் உள்ளூர் விவசாயிகளையும் உட்காரவைத்து விதைப்புக்கு முன்பே விலை பேசவைக்கலாம். அதற்குப் பெரிய நிதி எதுவும் வேண்டாம், ஒரு அதிகாரி மனசு வைத்தால் நடக்கும்.