ஐந்து சுற்றில் முடிந்துவிடும் சீசன்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் சிட்னிக்கு வெளியே வளரும் ரக்பி லீக் (முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிராளியைப் பிடித்து வீழ்த்தி ஆடும் ஆட்டம்) பையன்களுக்கு பிப்ரவரியும் மார்ச்சும்தான் பெரிய பரீட்சைக் காலம். 16 வயதுக்குட்பட்டோருக்கு ஆண்ட்ரூ ஜான்ஸ் கோப்பை, 18 வயதுக்குட்பட்டோருக்கு லாரி டேலி கோப்பை. இரண்டும் முன்னாள் நட்சத்திர வீரர்களின் பெயர்கள். ஜான்ஸ் செஸ்நாக் பக்கத்து நிலக்கரிச் சுரங்கப் பகுதியிலிருந்து வந்தவர். டேலி, ஜூனி என்ற சிறிய ரயில்வே ஊர்க்காரர். வெஸ்டர்ன் ராம்ஸ், ரிவெரினா புல்ஸ், மொனாரோ கோல்ட்ஸ், கிரேட்டர் நார்தர்ன் டைகர்ஸ் என்று வட்டார அணிகள் இதில் மோதுகின்றன. லீக் சுற்றுகள் ஐந்து வாக்கில். பிறகு நேரே அரையிறுதி, இறுதி. இந்த அணிகளோடு வேலை செய்பவர்களின் எல்லாச் சிக்கலுக்கும் மூலம் இந்தக் குறுகிய கணக்குதான்.

வெற்றிக்குப் பட்டியலில் இரண்டு புள்ளி. ஐந்தே ஆட்டம் என்பதால் பல அணிகள் சமமாக வந்து நிற்கும். அப்போது ஆட்டங்களில் அடித்த புள்ளிக்கும் விட்ட புள்ளிக்கும் உள்ள வித்தியாசம்தான் அரையிறுதி இடத்தைத் தீர்மானிக்கும். இருபது புள்ளி பின்தங்கிய ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் பையன்கள் தலையைத் தொங்கப்போடுவது இயல்பு. அங்கே விட்டுக்கொடுக்கும் ஒரு ட்ரையும் (எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) அதற்கான கன்வெர்ஷனும் (அதன்பின் கம்பங்களுக்கு இடையே உதைப்பது) ஆறு புள்ளி. மார்ச் மாதம் பட்டியலைப் பார்க்கும்போது அந்த ஆறு உறுத்தும். இதை முதல் பயிற்சியிலேயே பட்டியல் போட்டுக் காட்டிவிட வேண்டும்.

அணி சேர்வதே பெரிய வேலை. கிரிஃபித்திலிருந்து வாகா வாகா 180 கிலோமீட்டருக்கு மேல். ஆரஞ்சிலிருந்து டப்போ 150 கிலோமீட்டர் வாக்கில். வாரநாளில் எல்லோரையும் கூட்ட முடியாது. மாதத்துக்கு இரண்டு மூன்று ஞாயிறு கிடைத்தால் பெரிது. அதிலும் பையன்கள் போன வருடம்வரை ஒருவரையொருவர் எதிர்த்து ஆடியவர்கள். ஆடும்போது ஒருவருக்கொருவர் கத்திச் சொல்லும் குறிச்சொற்கள் ஒவ்வொரு கிளப்பிலும் வேறு. ஒரு டேக்கிள் (பந்தோடு ஓடுபவனைப் பிடித்து வீழ்த்துவது) முடிந்ததும் தடுக்கும் அணி பத்து மீட்டர் பின்னால் போக வேண்டும், மார்க்கர்கள் எனப்படும் ஓரிருவர் மட்டும் பந்துக்கு எதிரே நிற்கலாம். தடுப்பு வரிசையில் ரக்கை (வீழ்த்தப்பட்டவன் எழுந்து பந்தை மீண்டும் ஆட்டத்தில் விடும் இடம்) ஒட்டி நிற்பவன் ஏ, அடுத்தவன் பி, அதற்கடுத்தவன் சி. களைப்பில் இருவர் ஒரே இடத்துக்கு ஓடுவார்கள், அல்லது யாருமே போக மாட்டார்கள். ரக்கிலிருந்து பந்தை எடுக்கும் எதிரணி ஹூக்கர் அந்தச் சந்துக்காகத்தான் காத்திருப்பான். அதனால் புதிய ஆட்டமுறை எதையும் கற்றுக்கொடுப்பதற்கு முன், "ஏ என்னுடையது" என்று சத்தமாகச் சொல்லும் பழக்கத்தைக் கொண்டுவருவதே நல்லது. தாக்குதலுக்கு நான்கைந்து நகர்வு போதும். இருபது வைத்திருக்கும் பயிற்சியாளர்களின் அணி மூன்றாவது சுற்றிலும் குழம்பிக்கொண்டிருக்கும்.

கடலோரத்தை விட்டு உள்ளே இருக்கும் ஊர்களில் பிப்ரவரி வெயில் 35 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும், நனைந்த ஜெர்சியைக் கழற்றிவிட்டு எடை பார்ப்பதுதான் நம்பகமான அளவு. 80 கிலோ பையன் 1.6 கிலோ இழந்தால் அது உடல் எடையில் இரண்டு சதவீதம். ஓட்டமும் முடிவெடுப்பும் தடுமாறத் தொடங்கும். இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர், சில மணி நேரத்தில், உப்புள்ள உணவோடு உள்ளே போக வேண்டும். பேருந்தில் நான்கு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் வந்துவிட்டு, மைதானத்தில் இறங்கியதும் ஒரு லிட்டரை மடமடவென்று குடிப்பதால் வயிறுதான் நிறையும். ஐஸ் தண்ணீர் நிரப்பிய தொட்டி உடைமாற்றும் அறையருகே தயாராக இருக்கட்டும். வெப்பத் தாக்கு என்று தெரிந்தால் முதலில் உடலைக் குளிர்விக்க வேண்டும், ஆம்புலன்ஸில் ஏற்றுவது அதற்குப் பிறகு.

இருபத்தைந்தாவது நிமிடத்தில் ஒருவன் தள்ளாடினால் அது வெயிலா, மூளையைக் குலுக்கிய தலையடியா என்று ஓரத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. எதுவானாலும் வெளியே அழைத்துவிட வேண்டும்.

தலையடி விஷயத்தில்தான் இந்தக் குறுகிய சீசன் மிகக் கடுமையாக நடந்துகொள்கிறது. ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, இளையோர் மோதல் பயிற்சிக்குத் திரும்புமுன் 14 நாள் எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்க வேண்டும். போட்டிக்குத் திரும்ப, அடிபட்டதிலிருந்து குறைந்தது 21 நாள். இரண்டாவது சுற்றில் அடிபட்டால் மூன்றும் நான்கும் போச்சு. ஐந்தாவது சுற்று மிகச் சரியாக 21ஆம் நாளில் வரும்; தலைவலி முதல் வாரத்தைத் தாண்டி இழுத்தால் அதுவும் இல்லை. தேர்வாளர்கள் பார்க்க வரும் வாரங்கள் இவை. பையனுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும், அதனால் மறைப்பான். அவனைத் திட்டிப் பயனில்லை, மறைப்பதற்கான காரணத்தைக் குறைக்கத்தான் வேண்டும். தலையடியால் வெளியே போனவனின் பெயர் அடுத்த வருடத் தேர்வில் பின்னுக்குப் போகாது என்று பெற்றோர் முன்னிலையில் முதல் நாளே உறுதி சொல்ல வேண்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும்.

மைதானத்தில் பந்தைப் பார்க்காமல், டேக்கிள் முடிந்து எழுபவர்களை மட்டுமே பார்க்கும் ஒருவர் கட்டாயம் தேவை. மெதுவாக எழுவது, தலையைப் பிடிப்பது, வெறித்த பார்வை, தவறான பக்கம் போய் நிற்பது எல்லாம் மூன்று நொடிக்குள் தெரிந்து மறைந்துவிடும். எந்த மைதானம், எந்தப் பாதி, கடைசியாக யார் ட்ரை போட்டது, போன ஆட்டம் யாரோடு, ஜெயித்தோமா என்ற கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டான் என்பதற்காகத் திரும்ப அனுப்பக் கூடாது. சில அறிகுறிகள் மறுநாள்தான் தலைகாட்டும். வெளியூரில் தங்கும் இரவில் அறைத்தோழனிடமும் என்ன கவனிக்க வேண்டும் என்று சொல்லி வைப்பது பலன் தரும்.

அடிபடுபவர்களில் பந்து கொண்டு ஓடுபவனைவிட டேக்கிள் செய்பவனே அதிகம். தலை தவறான பக்கம் போவதுதான் பெரும்பாலும் காரணம்: ஓடுபவனின் முன்னால் தலை வந்துவிட்டால் இடுப்போ முழங்காலோ நேரே பொட்டில் இடிக்கும். எட்டி விழுந்து பிடிப்பவனுக்கு இது நடக்கும். முன்கால் ஓடுபவனின் காலருகே பதிந்த பிறகே தோள் போக வேண்டும், கன்னம் அவன் பின்பக்கத்தை ஒட்டியிருக்க வேண்டும். ஒவ்வொரு பயிற்சியிலும் பத்து நிமிடம், நடை வேகத்தில், இரு தோளுக்கும். வலது தோளில் மட்டும் பழகியவன் இடது பக்கம் வருபவனை எட்டித்தான் பிடிப்பான்.

ஏப்ரலில் பையன்கள் கிளப்புக்கும் பள்ளி அணிக்கும் திரும்புகிறார்கள், சிலர் அதே வாரத்தில். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத் தாள் கையோடு போக வேண்டும்: ஆடிய நிமிடங்கள், எடை, தொடை, முழங்கால் வலி, தலையடி இருந்தால் அதன் தேதி, மருத்துவர் அனுமதி வந்ததா இல்லையா. இந்தத் தாள் இல்லாவிட்டால், 12 நாள் முன்பு தலையில் அடிபட்ட பையனைச் செவ்வாய்க்கிழமை மாலை மோதல் பயிற்சியில் இறக்கும் கிளப் பயிற்சியாளருக்கு அது தெரிய வழியே இல்லை.