இடது கை கீழே வருகிறது

செப்டம்பர் 22, திங்கள்
குத்துச்சண்டைப் பயிற்சி. ஜாப், அதாவது இடது கையை நேராக நீட்டும் குத்து, போட்டுத் திரும்பும்போது அந்தக் கை கன்னத்துக்கு வராமல் நெஞ்சுக்கு வருகிறது. இன்று மட்டும் மாஸ்டர் பதினேழு தடவை சொன்னார். எண்ணினேன். எண்ணிக்கொண்டிருந்ததில் இரண்டு குத்து கூடுதலாக வாங்கினேன், அது வேறு.

செப்டம்பர் 24
55.400. பதினெட்டாம் தேதி போட்டிக்கு 54-ஐத் தாண்டக் கூடாது. மண்டியில் வெங்காய மூட்டை போடும் தராசு. "சாக்கு எடையக் கழிச்சிடவா?" என்கிறான் அண்ணன்.

செப்டம்பர் 27, சனி
எல்லோரும் திருவந்திபுரம் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டார்கள். நான் வரவில்லை என்றதற்கு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. ஐப்பசி பிறக்கும்வரை வீட்டுக்குள் முட்டை கிடையாது. டீக்கடையில் நின்று நான்கு அவித்த முட்டை தின்றேன், இரண்டு மஞ்சள் கருவை நாய்க்குப் போட்டேன். "ஏம்மா, புரட்டாசியில அதுக்கும் பாவம் சேக்கிற?" என்றார் கடைக்காரர்.

செப்டம்பர் 29
ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை. பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை, என்னை அக்கா என்றுதான் கூப்பிடும். இடக்கைக்காரி. அவளுக்கு வலது கால் முன்னே, எனக்கு இடது கால் முன்னே, இரண்டும் இடித்துக்கொள்ளும். யார் கால் வெளிப்பக்கம் நிற்கிறதோ அவருக்குத்தான் குத்த வழி. இதெல்லாம் எனக்குத் தெரியும். கேட்டால் வகுப்பே எடுப்பேன். மூன்று நிமிடத்தில் ஒருமுறைகூட காலை வெளியே வைக்கவில்லை. நான் ஜாப் போட, கை இறங்க, அவளுடைய வலது ஹுக், பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து, அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. வாடகைக்கு எடுத்த மாதிரி. மூன்று ரவுண்டிலும் ஜெயித்தவருக்கான பத்துப் புள்ளி அவளுக்குத்தான். மாஸ்டர் முகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு. "அக்கா, வலிக்குதா?" என்று அது வேறு கேட்கிறது. ஹெட்கார்டு கழற்ற வரவில்லை என்று பாசாங்கு செய்தபடி திரும்பிக்கொண்டேன்.

மேரி கோமுக்கு 2007-ல் இரட்டைக் குழந்தை, 2008-ல் நான்காவது உலகப் பட்டம். எனக்கு ஒரு இடது கை.

செப்டம்பர் 30
கடையில் பில் போடும்போது ஒரு அம்மா என் கண்ணுக்குக் கீழே பார்த்துவிட்டு, "வீட்டுக்காரர் அடிச்சாரா?" என்றார். கல்யாணமே ஆகவில்லை என்றேன். நம்பவில்லை.

அக்டோபர் 1
ஆயுத பூஜை. அரிவாள்மனை, அண்ணன் வண்டிச் சாவி, பக்கத்தில் என் கிளவுஸ். சந்தனம் வைத்தது அம்மா. இடதுக்குப் பொட்டு கொஞ்சம் பெரிதாக இருந்தது. அந்தக் கையைப் பற்றி வீட்டில் நான் எதுவுமே சொன்னதில்லை. தூக்கத்தில் உளறுகிறேனோ?

இன்று தொடக் கூடாது. தொடவில்லை.

அக்டோபர் 4
தாடைக்குக் கீழே டென்னிஸ் பந்து. விழுந்தால் இருபது தண்டால். நூற்று நாற்பது எடுத்தேன். "கை இல்லம்மா பிரச்சன. அடி பட்டுதான்னு எட்டிப் பாக்குற. தாடை தூக்குது, தோள் தளருது, கை விழுது." வீடியோவைப் போட்டுக் காட்டினார். ஆமாம். ஒவ்வொரு ஜாபுக்கும், மெஷினில் பணம் வருகிறதா என்று பார்க்கிறவள் மாதிரி கழுத்தை நீட்டுகிறேன்.

அக்டோபர் 6
கடையின் டிரையல் ரூம் கண்ணாடி முன்னால் ஐம்பது ஜாப். கை ஒருமுறைகூட இறங்கவில்லை. கண்ணாடி திருப்பி அடிப்பதில்லையே.

அக்டோபர் 7
போகவில்லை. போன் இரண்டு முறை அடித்தது.

அக்டோபர் 9
தேவனாம்பட்டினம், ஐந்து மணி. ஈர மணலில் ஓடினால் கெண்டைக்கால் கல்லாகிவிடுகிறது. வலை உதறிக்கொண்டிருந்த தாத்தா, "யாரு தொரத்துறா?" என்றார். பதினெட்டாம் தேதி என்று சொல்ல வாய் வரை வந்தது.

அக்டோபர் 13
மழை. குத்திப் பழகும் பைக்குள் அடைத்த பழந்துணியெல்லாம் நனைந்து, குத்தினால் தண்ணீர் கசிகிறது. மறுபடியும் அந்தப் பிள்ளை. இரண்டாவது ரவுண்டில் ஹுக் வந்தது, என் கை அங்கே இருந்தது. கிளவுஸோடு காதில் இடித்ததில் இன்னும் ங்ஙென்கிறது. மூன்றாவதில் மறுபடியும் விழுந்துவிட்டது, சரி.

அக்டோபர் 15
54.600. இட்லி ஒன்று, பாதி.

அக்டோபர் 17
54.100. இன்னும் நூறு கிராம் குறைய வேண்டும். எச்சிலைத் துப்பிக்கொண்டே இருக்கிறேன், முடியையும் ஒட்ட வெட்டியாயிற்று. நாளை எடை பார்த்த பிறகுதான் சோறு. ஐப்பசி ஒன்றாம் தேதி, முட்டையோடு வருவேன் என்கிறான் அண்ணன். கிளவுஸுக்குள் கையில் சுற்றும் பேண்டேஜ் காயவே இல்லை. மூன்று நாளாகக் கொடியில் அம்மாவின் புடவைகளோடு தொங்குகிறது. அம்மா இப்போது அதற்கு இஸ்திரி போடுகிறாள், நாலரை மீட்டர், ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொல்லி