மரத்துக்கு முகம் பார்க்கும் கண்ணாடி

வால்பாறைக்குப் போகிறவர்கள் சிங்கவால் குரங்கைத் தேடுவார்கள். நான் தேடிப் போனது செத்த மரம். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த புரட்டாசியில், ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போதும். தேயிலைத் தோட்ட ஓரங்களில் விழுந்து கிடக்கும் சில்வர் ஓக் கட்டைகளில் மரக்காளான் தட்டுத் தட்டாக முளைத்திருக்கும்.

கையில் பத்து மடங்கு லென்ஸும் சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியும். கண்ணாடிதான் முக்கியம். மரக்காளானின் மேல்பக்க நிறம் வெயிலிலும் வயதிலும் மாறிவிடும், பாசி வேறு படியும். அடிப்பக்கம்தான் அதன் ஜாதகம். வித்துத் தூள் உண்டாவது அங்கேதான். கண்ணாடியைக் கீழே நீட்டினால் பிய்க்காமலே பார்த்துவிடலாம்.

கொழுந்துக் கூடையோடு வந்த அக்கா ஒருவர் நின்று பார்த்தார். “ஏன் தம்பி, மரத்துக்குப் பொட்டு வெக்கப் போறீங்களா?”

முதல் கட்டையில் ஆரஞ்சுச் சிவப்பில் பிக்னோபோரஸ் என்ற மரக்காளான். வெயில் பட்ட மேல்பக்கம் வெளுத்திருந்தாலும் அடியில் சிவப்பு அப்படியே இருந்தது, பொடிப்பொடித் துளைகளோடு. பக்கத்திலேயே பழுப்பு வரிகளோடு விசிறி விசிறியாக இரண்டு கூட்டங்கள். மேலே பார்த்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாது. கண்ணாடியில் ஒன்றின் அடி முழுக்கத் துளை: அது டிராமெட்டிஸ் வகை. மற்றதன் அடியில் துளையே இல்லை, வழுவழு: ஸ்டீரியம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் இணையத்தில் படம் போட்டுப் பெயர் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

வெள்ளை ரோமம் போர்த்த குட்டி விசிறிகள் ஸ்கிசோஃபில்லம். அடியில் செவுள் போன்ற மடிப்புகள், ஒவ்வொன்றும் நெடுக இரண்டாகப் பிளந்திருக்கும். காய்ந்தால் சுருண்டு மூடிக்கொள்ளும், நனைந்தால் விரியும். மணிப்பூரில் இதைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள் என்றேன். “அவங்க திங்கட்டும்” என்று சொல்லிவிட்டு அக்கா நடையைக் கட்டினார்.

உயிருள்ள ஒரு மரத்தின் அடியில் கட்டை போல இறுகிய கேனோடெர்மா. வெள்ளை அடிப்பக்கத்தில் நகத்தால் கீறினால் கோடு பழுப்பாகும். இந்தப் பேரினத்தை, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதியை, நம் தென்னை விவசாயிகள் வேறு விதமாக அறிவார்கள்: 1952 புயலுக்குப் பின் கவனத்துக்கு வந்த தஞ்சாவூர் வாடல் நோய்க்குக் காரணம் இதன் உறவுதான். தென்னையின் தூரில் காளான் தலைகாட்டும்போது மரம் பெரும்பாலும் கைவிட்டுப் போயிருக்கும்.

கஷ்டமானவை ஒட்டுக்காளான்கள். தொப்பி கிடையாது, காம்பும் கிடையாது. கட்டையோடு தோலாக ஒட்டிப் பரவும். அடிப்பக்கமே வெளிப்பக்கம் என்பதால் கண்ணாடிக்கு வேலையில்லை. வழுவழுப்பா, பல்லா, துளையா என்று லென்ஸில் பார்க்கலாம். கூடவே மரத்தையும் பார்க்க வேண்டும். கட்டை வெளுத்து நார் நாராக உரிந்தால், மரநார்களைப் பிணைக்கும் லிக்னின் தின்னப்பட்டிருக்கிறது. பழுப்பாகிச் சதுரம் சதுரமாக வெடித்தால், நார்ப்பொருளான செல்லுலோஸ் போயிருக்கிறது. காளான் இன்னதென்று தெரியாவிட்டாலும் அது எதைத் தின்றது என்று தெரிந்துவிடும்.

துரு நிறத்தில் பரவியிருந்த ஒன்றின் மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரக் கரைசலில் ஒரு சொட்டு விட்டேன். உடனே கறுத்தது. லென்ஸில் மேற்பரப்பு முழுக்க நுண்ணிய முட்கள். ஹைமனோகீட்டே என்று பேரினம் வரைக்கும் நோட்டில் எழுதினேன். அதற்கு மேல் சொல்ல நுண்ணோக்கி வேண்டும், அதற்கு ஒரு துண்டு வெட்ட வேண்டும். காப்புக்காட்டில் அனுமதியின்றி அது கூடாது; தோட்டத்துக் கட்டையிலும் கேட்காமல் வெட்டுவது எனக்குச் சரிப்படவில்லை. இனப்பெயருக்கான கட்டத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு, சாக்ஸிலிருந்து அட்டைகளை உதற ஆரம்பித்தேன்.