காதில் விழாத தமிழ்

வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கென்று தனியாக நடக்கும் குறைநீக்கல் வகுப்புக்கு வரும் பிள்ளைகளை ‘எழுத்து தெரியாதவர்கள்’ என்று சொல்லிவிடுவது பள்ளிகளில் சாதாரண வழக்கம். மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறை வட்டாரத்தில், தமிழ்ப்பள்ளி ஒன்றில் அந்த வகுப்பை நடத்திவரும் எனக்கு இந்தப் பேச்சில் உடன்பாடு கிடையாது. சுவரில் தொங்கும் 247 எழுத்துகளையும் மளமளவென்று ஒப்பிக்கும் பிள்ளைகளும் என்னிடம் வருகிறார்கள். எழுத்து தெரிகிறது, வாசிப்புதான் வரவில்லை.

இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன். பாடநூலைத் திறந்தால் தடங்கலே இல்லாமல் பொழிந்து தள்ளுவான். சொல்லுக்குச் சொல் விரல் வைத்து வாசிக்கச் சொன்னேன். வாய் வாக்கியத்தை முடித்துவிட்டது. விரல் இரண்டாம் சொல்லிலேயே நின்றது. அதே சொற்களை இடம் மாற்றி, படமில்லாத வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன். தாளைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தான். “வீட்டில் ஒரு பிழையும் இல்லாமல் வாசிக்கிறானே, டீச்சர்” என்று அவனுடைய பாட்டி ஆச்சரியப்பட்டார். அவன் சோம்பேறியல்ல. இத்தனை பக்கங்களையும் கேட்டே மனத்தில் ஏற்றிக்கொண்டவனுக்கு மூளையில் என்ன குறை?

இப்படிப்பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் இடறுவது கொம்பு வரும் எழுத்துகளில்தான். ‘கா’வில் துணைக்கால் பின்னால் நிற்கிறது, ஒலியும் பின்னால் வருகிறது; சிக்கலில்லை. ‘கே’யில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால்தான் வருகிறது. ‘கோ’வில் இரண்டு பக்கமும் காவல். மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதும்போது ‘கே’, ‘கோ’ இரண்டிலுமே உயிரொலிக்குரிய எழுத்து பின்னால்தான் வரும். முதலாம் ஆண்டிலேயே மூன்று மொழிகளையும் ஒருசேரக் கற்கும் பிள்ளை, ‘கோழி’யை ‘கே, ஆ, ழி’ என்று உடைத்துப் படிப்பதில் வியப்பில்லை. அதனால் கொம்பையும் துணைக்காலையும் சிவப்பு அட்டையில் வெட்டி ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். முதலில் ‘கோ’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு ‘க’வை மேசை நடுவில் வைத்து, பக்கத்துக் குறிகளைத் தேடி எடுக்க வேண்டும். ஒலி முதலில், குறி பிறகு. இந்த வரிசையை நான் விட்டுக்கொடுப்பதில்லை. தொடக்க எழுத்துகளாக ட, ப, ம ஆகியவற்றை எடுத்துக்கொள்வதும் இதற்காகவே. சில நாளிலேயே படம், பட்டம், மடம் என்று சொல்லாக வாசித்துவிடலாம்.

ஆனால் அட்டை வெட்டித் தீர்க்க முடியாத சங்கதி ஒன்று உண்டு. கடல், பகல், தங்கம் என்ற மூன்றிலும் ஒரே ‘க’. ஒலி மூன்று விதம். அந்தச் சொற்களைக் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு இது பிரச்சினையே இல்லை. கேட்காத சொல்லில்தான் தடுமாற்றம். ‘சென்றனர்’ என்பதை எழுத்து எழுத்தாகச் சரியாகக் கூட்டிவிட்டு, பொருள் புரியாமல் விழிக்கும் பிள்ளையைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லையே, அது எப்படிப் பழகும்? புத்தகத் தமிழ் காதில் விழாமல் கண்ணுக்குப் பிடிபடாது என்பது என் திடமான எண்ணம். அந்தப் பையன் காதால்தான் ஏமாற்றினான்; அதே காதுதான் அவனுடைய கைமுதலும்கூட.

ஆகவே வகுப்பின் கடைசிப் பகுதியில் நான் கதை வாசிப்பேன், பிள்ளைகள் கேட்பார்கள். கேள்வி இல்லை, பயிற்சித்தாள் இல்லை. ‘நேரம் வீண்’ என்று சக ஆசிரியர் சிலர் முணுமுணுப்பதுண்டு. பினாங்கில் 1816-லேயே தமிழ் வகுப்பு தொடங்கியதை மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம். ஒரு பிள்ளைக்கு ஒரு கதையை முழுதாக வாசித்துக் காட்ட மட்டும் நேரம் இருப்பதில்லை.

வீட்டிலும் இதைச் செய்ய ஆள் வேண்டும். பையனின் அம்மாவுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. பாட்டியோ தினமும் தமிழ் நாளிதழை வரி விடாமல் படிப்பவர், ஆனால் மனத்துக்குள். “அதையே சத்தமாக, வரிக்குக் கீழே விரல் வைத்து, இவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வாசியுங்கள், பாட்டி” என்றேன். “எந்தப் பக்கத்தை, டீச்சர்?” என்று கேட்டார். எதுவானாலும் சரி என்றேன். பாட்டிக்குச் சினிமாச் செய்தி, பேரனுக்குக் காற்பந்துச் செய்தி. எதை முதலில் வாசிப்பது என்று இருவருக்கும் இப்போது தினமும் வழக்கு நடக்கிறதாம்.