தவத்திற்கு உரு

சில மாதங்களுக்கு முன் நண்பர்கள் சிலர் கூடி, ஆளுக்கொரு சொல்லை எடுத்துக்கொண்டு அதன் பொருளை எழுத்தின் துணையின்றி ஓவியமாகத் தீட்டுவதென முடிவு செய்தோம். என் பங்குக்கு வந்த சொல் ‘தவம்’. குடம் என்றால் குடத்தை வரைந்துவிடலாம். தவம் என்றால் எதை வரைவது? ஒற்றைக் காலில் நின்று, கைகளைத் தலைக்கு மேல் உயர்த்திய முனிவர் ஒருவரைக் கரிக்கோலால் மூன்று தாள்களில் வரைந்தேன். மூன்றிலும் ஒரு மனிதர் நின்றாரேயொழியத் தவம் வந்து சேரவில்லை.

காரணம் புரியாமல், அத்தாள்களுடன் மாமல்லபுரம் சென்று பெரும்பாறைப் புடைப்புச் சிற்பத்தின் எதிரே ஒரு பகல் முழுதும் அமர்ந்திருந்தேன். ஏறத்தாழ 90 அடி அகலமுள்ள அந்தப் பாறையில் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் செதுக்கியது அர்ச்சுனன் தவம் என்பாரும் உண்டு, கங்கையை மண்ணுக்குக் கொணர்ந்த பகீரதன் தவம் என்பாரும் உண்டு. அந்த வழக்கு எப்படித் தீர்ந்தாலும், இரண்டு பெயரிலும் தவம் என்ற சொல் மாறாமல் இருப்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

இடப்பக்கத்தில், வரமருளும் சிவனுக்கு அருகே, தவசி ஒற்றைக் காலில் நிற்கிறார். அவருடைய விலா எலும்புகளை எண்ணிவிடலாம். கடினமான கருங்கல்லில், எலும்பின் மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் இடையே தோல் உள்வாங்கியிருக்கும் பள்ளத்தை உளி அத்தனை நிதானமாக எடுத்துக் காட்டியிருக்கிறது. அவர் எத்தனை காலமாக இப்படி நிற்கிறார் என்பதை அந்தப் பள்ளங்களே சொல்லிவிடுகின்றன. நான் வரைந்த முனிவரின் உடம்பில் எந்த வாட்டமும் இல்லை. அவர் சற்று முன்புதான் வந்து நின்றவர் போலிருந்தார்.

ஆனால், வாட்டத்தை மட்டும் சேர்த்துவிட்டால் போதுமா என்ற ஐயத்தை எழுப்பியது வலப்பக்கத்துப் பூனைதான். பெரிய யானையின் அருகே, பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, தவசியின் நிலையை அப்படியே எடுத்துக்கொண்டு நிற்கிறது அது. அதன் காலடியில் எலிகள். தவக்கோலம் பூண்டு எலிகளை நம்பவைத்து உண்ட பூனையின் கதை மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் வருகிறது. பூனையாலும் நிற்க முடிந்த நிலையைத்தான் நான் மூன்று தாள்களிலும் தவம் என்று வரைந்திருந்தேன்.

வீடு திரும்பும்போது பள்ளியில் மனப்பாடம் செய்த குறள் ஒன்று நினைவுக்கு வந்தது.

உற்றநோய் நோன்றல் உயிர்க்குறுகண் செய்யாமை
அற்றே தவத்திற் குரு.

தனக்கு நேர்ந்த துன்பத்தைப் பொறுத்தலும், பிற உயிர்களுக்குத் துன்பம் செய்யாமையுமே தவத்திற்கு வடிவம் என்கிறார் வள்ளுவர். ‘உரு’ என்ற சொல்லையே அவர் ஆண்டிருப்பது ஓவியம் வரைகிறவனுக்கு எவ்வளவு பெரிய உதவி! குறளின் முதற்பாதி தவசியின் விலா எலும்புகளில் இருக்கிறது. பிற்பாதியை, செய்யாமை என்னும் ஒன்றை, எப்படிக் காட்டுவது? அஞ்சாத உயிர்களைக் கொண்டுதான் காட்ட முடியும். யானையின் கால்களுக்கிடையே குட்டிகள் இளைப்பாறுகின்றன. சிங்கத்துக்கும் மானுக்கும் ஒரே பாறையில் இடம் இருக்கிறது. கீழ்ப்பகுதியில் ஒரு மான் பின்னங்காலைத் தூக்கித் தன் மூக்கைச் சொறிந்துகொள்கிறது. ஒரு கணம் அச்சம் இருந்தாலும் மான் இப்படி மூக்கைச் சொறியாது. தவசியைவிட அந்த மானிடம்தான் அச்சொல்லின் பொருள் எனக்கு முழுமையாகத் துலங்கியது.

நான்காவது தாளில் முனிவரை மேல் மூலைக்கு மாற்றி, சிறியவராக, எலும்பு தெரிய வரைந்திருக்கிறேன். தாளின் நடுவில் மான் நிற்கிறது. தூக்கிய அந்தக் குளம்பு மூக்கைத் தொடும் இடம் இன்னும் சரியாக அமையவில்லை. நேற்றிரவும் இருமுறை அழித்து வரைந்தேன்.