வேறு ஏதும் இருக்கிறதா?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, திருகோணமலைக் கோணேஸ்வரத்துக்குப் போய்விட்டுக் கோட்டை வாசலால் வெளியே வரும்போது அவளைக் கண்டேன். பட்டமளிப்புக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன். கணவரும் கூட வந்திருந்தார். மான்களுக்கு வாழைப்பழத் தோலை நீட்டிக்கொண்டிருந்தவள், என் கையைப் பிடித்துக்கொண்டு அவரிடம் சொன்னாள்: “இவர்தான் எங்கள் வகுப்பு ரெப். எனக்காகப் போய்க் கேட்டவர்.”

நான் கேட்கவில்லை. கேட்டதாக அவளை நம்பவைத்ததும் நான்தான். அன்றிலிருந்து மனம் பல்கலைக்கழகத்தில் நடந்த அந்த ஒரு கூட்டத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறது.

1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள் சட்டத்தில் மாணவர் ஒன்றியத்துக்கு இடமுண்டு. வகுப்புப் பிரதிநிதிக்கு அப்படியான பலம் எதுவும் இல்லை. முதல் வாரத்தில் நாலு பேர் கைதூக்கிப் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வரவுப் பதிவேடும், மகாபொல உதவிப்பணத் தாமதமும், பரீட்சை அட்டவணையும் நம் தலையில்தான். முதலாம் வருடத்தில் 11 கோரிக்கைகளை எழுதிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். விடுதித் தண்ணீர்த் தொட்டி முதல் நூலகம் மூடும் நேரம் வரை எல்லாம் அதில் இருந்தது. இரண்டை வாசிக்குமுன்னே “மீதியை எழுத்தில் தாருங்கள்” என்றார்கள். எழுத்தில் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்போது இறுதி வருடத்தில் இருந்த ஒரு அண்ணாதான் சொன்னார்: “மூன்றுக்கு மேல் கொண்டுபோகாதீர் தங்கச்சி. நான்காவதைச் சொன்னால் முதல் மூன்றும் தளர்ந்துவிடும்.”

அது உண்மையாகவே பலித்தது. எந்த எழுதுவினைஞரிடம் எந்த நேரத்தில் போக வேண்டும், எந்த விரிவுரையாளரிடம் நேரே கேட்கலாம், எவருக்கு முதலில் கடிதம் போக வேண்டும் என்பதெல்லாம் மூன்றாம் வருடத்தில் எனக்கு அத்துப்படி. என்னோடு ஒரே வருடத்தில் சேர்ந்த மாணவர் அணியில் எல்லோருக்கும் என்மேல் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வீணாக்காமல் உழைத்தேன் என்பதை இன்றும் தயங்காமல் சொல்வேன்.

அவளுடைய கோரிக்கை சின்னது. செவ்வாய்க்கிழமை செய்முறை வகுப்பை 8 மணியிலிருந்து 9 மணிக்கு மாற்ற முடியுமா என்பதுதான். எங்கள் பீடத்தில் விடுதி முதலாம் வருடத்தினருக்கும் இறுதி வருடத்தினருக்கும் மட்டும். மற்றவர்கள் போர்டிங் தேட வேண்டும். 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து, பல வருடம் கழித்து ஊர் திரும்பிய குடும்பம் அவளுடையது. போர்டிங் காசுக்கு வழியில்லை. அதிகாலையில் வீட்டிலிருந்து கிளம்பி, மூதூரில் பஸ் மாறி வருவாள். வகுப்பு தொடங்கி 15 நிமிடத்தில் பதிவேட்டை மூடிவிடுவார்கள். 80 வீத வரவு இல்லையென்றால் பரீட்சை எழுத முடியாது. அடுத்த அணியோடு சேர்ந்து எழுதினாலோ எவ்வளவு திறமாக எழுதினாலும் ‘சி’ தரத்துக்கு மேல் கிடைக்காது.

“இப்போது கிண்ணியாப் பாலம் இருக்கிறதே” என்று நானும் அவளிடம் சொன்னேன். 2009இல் அது திறக்குமுன், பாதை என்கிற மிதவைப் படகு வரும்வரை கரையில் காத்துக் கிடந்த கதைகளை அப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். நகரத்தில் இருக்கிற எங்களுக்கு அந்தப் பாலத்தோடு மூதூர் கிட்டவாகிவிட்டது.

“பாலம் இருக்கிறது. பஸ்தான் நேரத்துக்கு இல்லை” என்றாள்.

கொப்பியில் நான்காவதாக எழுதிக்கொண்டேன். ‘செவ்வாய் 8 — 9?’ எழுதி, அதைச் சுற்றி ஒரு கட்டமும் போட்டேன். மற்ற மூன்றும் முழு அணிக்குமானவை. அவற்றில் பெரியது பரீட்சை அட்டவணை: 6 நாட்களில் 5 பாடம் போட்டிருந்தார்கள். அன்று கூட்டத்தில் அதற்கு இரண்டு நாள் இடைவெளி தர ஒத்துக்கொண்டார்கள். மற்ற இரண்டும் சரிவந்தன. தலைமை வகித்தவர் பேனையை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: “வேறு ஏதும் இருக்கிறதா?”

“இல்லை, சேர்.”

ஒரு கணமும் யோசிக்கவில்லை. கட்டம் போட்ட வரி என் பெருவிரலுக்குக் கீழே இருந்தது. பயந்தேன் என்று சொல்ல முடியாது. கிடைத்ததை அவர் திருப்பி எடுத்துவிடுவார் என்றும் அந்தக் கணத்தில் நினைக்கவில்லை. அந்தக் காரணத்தைப் பிறகுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று என்பது பழகிப்போயிருந்தது. அவ்வளவுதான் என்று இப்போது தோன்றுகிறது.

வெளியே நடைபாதையில் அவள் நின்றாள். “என்னுடையதைச் சொன்னீரா?”

“இன்றைக்குச் சரிவரவில்லை. பார்ப்போம்.”

“பரவாயில்லை. கேட்டீர்தானே, அதுவே போதும்.”

உண்மையில் கூட்டத்தைவிட இந்த இடம்தான் என்னை உறுத்துகிறது. ‘சரிவரவில்லை’ என்ற சொல்லில் பொய் இல்லை. ஆனால் அவள் அதை எப்படி விளங்கிக்கொண்டாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. திருத்த ஒரு வாக்கியம் போதும். நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்த அரையாண்டில் அடுத்த கூட்டம் நடக்கவில்லை.

கேட்டிருந்தாலும் மாறியிருக்குமா? அந்த விரிவுரையாளர் மட்டக்களப்பிலிருந்து வாரத்தில் ஒரு நாள் வருபவர். பிற்பகல் திரும்ப வேண்டும். ஒருத்திக்காக எழுபது பேரின் நேரத்தை மாற்றுவது நியாயமா என்று கேட்டிருப்பார்கள். இதை எத்தனையோ தடவை எனக்குள் வாதாடி வென்றிருக்கிறேன். ஆனால் எங்களுக்கு அடுத்த அணிக்கு அதே செய்முறை வகுப்பு 10 மணிக்கு மாறியது. யாரும் கேட்டு மாறியதா, ஆய்வுகூட நெருக்கடியில் மாறியதா, விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போதைய பிரதிநிதி ஒரு தங்கச்சி இடைக்கிடை போன் எடுப்பாள். இரண்டு கிழமைக்கு முன், கூட்டத்துக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டாள். மூன்று விடயத்தோடு போ என்றேன். அது நல்ல புத்திமதிதான், இன்றும் அதையேதான் சொல்வேன். சொல்லிவிட்டுப் போனை வைத்தபோது கை குளிர்ந்திருந்தது.

அரையாண்டுக்கு 15 செவ்வாய். 12 நாள் வந்தால் 80 வீதம். அவள் வந்ததாகப் பதிவானது 11. கூட்டம் நடந்தது ஏழாவது வாரத்தில். அதற்குப் பிறகு அவளுக்குத் தவறியது இரண்டு நாள். ஒரு நாள் மார்கழி மழையில் பஸ்ஸே வரவில்லை, அதற்கு எந்த நேரமாற்றமும் உதவியிருக்காது. மற்ற நாள் 8.35க்கு வந்து, பதிவேடு மூடியிருந்ததால் கதவுக்கு வெளியே ஈரக் குடையோடு நின்றாள். நான் உள்ளே முதல் வரிசையில் இருந்தேன்.